வேலியோரத்துச் செங்காந்தள்

ஐப்பசி மழை ஓய்ந்த காலை நேரம். கொங்கு நாட்டுப் பக்கம் போகிறவர்கள் கிளுவை வேலி ஓரம் சற்று நின்று பார்த்தால், பச்சைக்கு நடுவே தீக்கொழுந்து போல ஒரு பூ தலை நீட்டிக்கொண்டிருக்கும்.

அதுதான் செங்காந்தள்!

கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ என்றும் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டதால் கண்வலிப் பூ என்றும் ஒரு பெயர் உண்டு. பார்ப்பதால் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். அதில் முதலில் நிற்பது காந்தள். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆனால் எத்தனை வீட்டுத் தோட்டங்களில் இது இருக்கிறது? தென் அமெரிக்காவிலிருந்து வந்த காகிதப் பூவுக்கு வாசலில் பந்தல். சொந்த மண்ணின் கொடிக்கு வேலியோரம்!

அந்த வேலியும் இப்போது கம்பி வேலியாக மாறி வருகிறது. காட்டில் தானாக முளைத்த கிழங்குகளையும் தோண்டி எடுத்து விற்றுவிட்டார்கள்.

நிறம் மாறும் பூ

மொட்டு தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் மேல் நோக்கி வளைந்துகொள்ளும். முதலில் பச்சை கலந்த மஞ்சள். பிறகு பாதி மஞ்சள், பாதி சிவப்பு. கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறங்களையும் சேர்த்துப் பார்க்கலாம்.

கொடி ஏறுவதும் வேடிக்கைதான். தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு, கிடைத்த குச்சியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் தடித்த கம்பம் உதவாது. மெல்லிய விராலி மாறு நாலைந்து நட்டுவைத்தால் போதும்.

ஒடிந்தால் முளைக்காது

கிழங்கு இரண்டாகப் பிரிந்து கலப்பை போல இருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்தது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடிந்தால் அந்தக் கிளை வீண்! எடுப்பதிலும் நடுவதிலும் நிதானம் வேண்டும்.

ஆடி, ஆவணி நடுவதற்கு ஏற்ற காலம். செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து, கிழங்கைப் படுக்கைவாக்கில் மூன்று அங்குல ஆழத்தில் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். விதை போட்டும் வளர்க்கலாம். ஆனால் பூவைக் காண மூன்று, நான்கு வருஷம் பொறுத்திருக்க வேண்டும்.

கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழு ஒன்று இந்தக் கொடியைத் தேடி வரும். விட்டால் இரண்டு நாளில் இலையை மொட்டையடித்துவிடும். பொறுக்கி எறிவதே வீட்டுக்கு ஏற்ற வழி.

கிழங்கா, எமனா?

இந்தக் கொடியில் வேர் முதல் விதை வரை விஷம். கிழங்கில் இருப்பது கொடிய விஷம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்று உயிரை இழந்தவர்கள் உண்டு.

தின்ற சில மணி நேரத்தில் வாய் எரிச்சல், வாந்தி, பேதி கண்டுவிடும். பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் தலைமயிர் கொட்டும். இதற்கென்று கைவசம் மாற்று மருந்து இல்லை. கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், தின்ற கிழங்கின் துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கைக்குழந்தையும் கன்றுகாலியும் உள்ள வீட்டில் தரையில் நடாமல் இருப்பது நல்லது. உயரமான மாடத்தில் தொட்டியாக வைக்கலாம். கிழங்கைச் சமையலறைப் பக்கம் கொண்டுவரவே கூடாது.

உயிரை வாங்கும் அதே கால்ச்சிசின்தான், டாக்டர் அளந்து கொடுத்தால் மூட்டில் உப்புச் சேர்ந்து படுத்தும் 'கவுட்' வலிக்கு மருந்து! விதையில்லாத் தர்ப்பூசணியை உண்டாக்கவும் விஞ்ஞானிகளுக்குக் கைகொடுத்தது இதுவே. தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். மகரந்தம் தானாகச் சேருவது அரிது என்பதால், காலையில் பூப்பூவாகத் தொட்டுச் சேர்ப்பதற்கே ஆள் வேண்டும்.

ஆப்பிரிக்காவிலும் இந்தப் பூவுக்கு மவுசு உண்டு. ஜிம்பாப்வேயின் தேசிய மலர் இதுதான். 1947-ல் எலிசபெத் இளவரசி அங்கே போனபோது, பள்ளிப் பிள்ளைகள் பணம் சேர்த்து வைரத்தில் காந்தள் பூ செய்து பரிசளித்தார்கள்.

செத்துவிட்டதா?

தை, மாசியில் காய் முற்றியதும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். தொட்டியில் வெறும் மண்தான் மிஞ்சும். செத்துவிட்டது என்று பலர் குப்பையில் கொட்டுவது அப்போதுதான். பழைய கிழங்கு சுருங்கி, புதுக் கிழங்கு உள்ளே உறங்குவது அவர்களுக்குத் தெரியாது.

தண்ணீரை நிறுத்திவிட்டு, மழை படாத மூலையில் தொட்டியை ஒதுக்கிவைத்தால் போதும். 'விஷக் கிழங்கு' என்று சுண்ணாம்பால் பெரிதாக எழுதிவைப்பது அவசியம். சித்திரையும் கத்திரி வெயிலும் கழிந்து, ஆடியில் மழை இறங்கும்போது மண்ணைப் பிளந்துகொண்டு பச்சை முளை ஒன்று வெளியே வரும்.