குறித்த நாளும் கணித்த நாளும்

ஒரு வேலையைத் தொடங்குமுன் நாம் முதலிற் கேட்கும் கேள்வி, "இஃது என்று முடியும்?" என்பதாகும். அக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, என்று முடியவேண்டுமென நாம் விரும்பும் நாள். மற்றையது, செய்யவேண்டிய வேலைகளையும் அவற்றுக்கு வேண்டிய காலத்தையும் கூட்டிப் பார்க்குமிடத்துக் கிடைக்கும் நாள். முன்னையதைக் குறித்த நாள் என்றும், பின்னையதைக் கணித்த நாள் என்றும் கூறலாம். செயற்றிட்டங்களை முகாமை செய்தற்கென எழுந்த கணினி மென்பொருள்களின் பயன் முழுவதும் இவ்விரண்டையும் வேறுபிரித்து வைப்பதிலேயே தங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஒரு பாடசாலையில் சிறிய நூல்நிலையம் ஒன்று கட்டவேண்டியிருக்கின்றது. அத்திவாரத்துக்கு 10 நாள், சுவருக்கு 15 நாள், கூரைக்கு 10 நாள், சாந்து பூச 8 நாள், நிலத்துக்கு 5 நாள், வர்ணம் பூச 5 நாள் வேண்டும். இவை ஒன்றன்பின் ஒன்றாகவே நடைபெறல் வேண்டும். இவற்றின் கூட்டுத்தொகை 53 நாள். அதே காலத்தில் தச்சர் ஒருவர் அலுமாரிகளை 20 நாளிற் செய்துவிடுவார். நூல்களைத் தெரிந்து வாங்க 25 நாள் போதும். எல்லாம் முடிந்தபின் நூல்களை அடுக்க 2 நாள். ஆகவே கணித்த காலம் 55 வேலை நாள்களாகும்.

இங்கே கவனிக்கவேண்டியது யாதெனில், எல்லா வேலைகளின் தாமதமும் ஒரே தன்மையதன்று. முதல் நாளிலேயே தொடங்கிய அலுமாரி வேலை 4 நாள் பிந்தினால் திறப்புவிழாவுக்கு யாதொரு குறையும் இல்லை. அதற்கு 33 நாள் தளர்வு உண்டு. சுவர் 4 நாள் பிந்தினாலோ திறப்புவிழாவும் 4 நாள் பிந்தும். தளர்வே இல்லாத இவ்வேலைகளின் தொடரை நெருக்கடிப் பாதை என வழங்குவர். இதனைக் கணிக்கும் முறையை 1957ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவில் டூபொன் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வோக்கரும், றெமிங்ரன் றான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெலியும் உருவாக்கினர். அக்காலத்தில் ஓர் அறையை நிறைத்த கணினிகள் செய்த அவ்வேலையை இன்று மேசைமேலுள்ள சிறு கணினியே செய்துவிடுகின்றது. 1984ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியான மைக்குரோசொவ்ற் புறொஜெக்ற் இத்துறையிற் பலரும் அறிந்த ஒரு மென்பொருளாகும்.

இதனைப் பயன்படுத்துவோர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. வேலைகளின் கால அளவையும், எதன்பின் எது என்னும் தொடர்பையும் கொடுத்துவிட்டால், தானே கணிக்கும் முறையில் வைக்கப்பட்ட மென்பொருள் ஒவ்வொரு வேலைக்குமுரிய திகதியைக் கண்டு சொல்லும். ஆயின் நம்மவர் அவ்வாறு விடுவதில்லை. "சுவர் 30ஆந் திகதிக்குள் முடியவேண்டும்" என எண்ணி, முடிவுத் திகதிக்குரிய கட்டத்தில் 30 எனத் தாமே எழுதிவிடுகின்றனர். மென்பொருளோ அதனை "30ஆந் திகதிக்கு முன்னர் முடியலாகாது" என்னும் கட்டுப்பாடாகப் பொருள்கொள்ளுகின்றது! எழுதியவர் கருதியது ஒன்று. இயந்திரம் கொண்டது அதற்கு நேர்மாறு. இவ்வாறு பத்துத் திகதிகளைக் கையால் எழுதிவிட்டால் கணக்கு முடங்கிவிடும். அத்திவாரம் விரைவில் முடிந்தாலும் பின்வரும் வேலைகள் முன்னோக்கி நகரா.

குறித்த நாளை எழுதுவதற்கு வேறோர் இடம் உண்டு. அதுவே கெடு என்னும் கட்டம். அங்கே எழுதும் திகதி எந்த வேலையையும் முன்னோ பின்னோ தள்ளுவதில்லை. படத்தில் ஓர் அம்புக்குறியாக மட்டும் நிற்கும். கணித்த நாள் அக்குறியைக் கடந்தவுடன் சிவப்பு அடையாளம் ஒன்று தோன்றும். காலம் போதாது என்பதைக் காலம் இருக்கும்போதே அறிவிப்பது அவ்வடையாளந்தான்.

நாட்காட்டியையும் நாமே திருத்தவேண்டும். மென்பொருளின் பொது நாட்காட்டி திங்கள் முதல் வெள்ளி வரை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் என்பதை மாத்திரமே அறியும். போயா விடுமுறையை அறியாது. 55 வேலை நாள் என்பது 11 வாரம். அதற்குள் இரண்டு மூன்று பௌர்ணமிகள் வந்துவிடும். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாள்களே வாரவிடுமுறையாக இருந்தன என்பதை மூத்தோர் மறந்திரார். விடுமுறை என்பது இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது. மேசன் விடுமுறையில் ஓய்ந்தாலும் அவர் பூசிய சாந்து காய்ந்துகொண்டேயிருக்கும். ஆதலின், விடுமுறையை விலக்காது தொடர்ச்சியாகக் கணிக்கும் கால அளவையும் மென்பொருள் தனியே ஏற்றுக்கொள்ளுகின்றது.

குறித்த நாளுக்காகக் கணக்கை வளைத்தால் என்ன நேரும் என்பதற்கு அவுஸ்திரேலியாவின் சிட்னி ஒப்பெரா மண்டபம் பெருஞ் சான்றாகும். கூரையை எவ்வாறு கட்டுவது என்பது தீருமுன்னரே, அரசாங்கத்தின் அவசரத்தால் 1959இல் வேலை தொடங்கப்பட்டது. முன்னரே எழுப்பிய தூண்கள் பின்னர் தீர்மானித்த கூரையைத் தாங்கமாட்டா எனக் கண்டு அவற்றைத் திரும்பவும் கட்டவேண்டியதாயிற்று. 1963இல் முடியுமெனக் கூறப்பட்ட மண்டபம் 1973இலேயே திறக்கப்பட்டது. 70 இலட்சம் டொலர் என மதிப்பிட்ட செலவு 10 கோடியே 20 இலட்சம் டொலராயிற்று.

நேயர்களே, சிவப்பு அடையாளத்தைக் காட்டியவரைக் கடிந்துகொள்ளும் தலைவரின்கீழ் அடுத்த முறை அவ்வடையாளம் தோன்றாது. வேலை விரைந்ததனாலன்று, திகதிகள் அவர் முகத்துக்கேற்ப எழுதப்படுவதனால். பின்னர் எத்துணைச் சிறந்த மென்பொருளாலும் பயனில்லை. சிவப்புத் தோன்றுமிடத்துச் செய்யத்தக்கவை மூன்றே: நெருக்கடிப் பாதையிலுள்ள வேலைக்கு ஆளைக் கூட்டுதல், வேலையைக் குறைத்தல், அல்லது குறித்த நாளைப் பின்தள்ளி உரியோர்க்கு முன்கூட்டியே அறிவித்தல். நூல்நிலையம் இரண்டு வாரம் பிந்துமென முன்னரே கூறினால் பெற்றோர் பொறுத்துக்கொள்வர். சாந்து காயாத சுவருக்கு வர்ணம் பூசிக் குறித்த நாளிலே திறந்துவைத்தால், அடுத்த மாரியில் நனைவன பிள்ளைகளின் புத்தகங்களே.