கூலியோடு ஊற்றிய சாராயம்

சாவு வீட்டில் பறையடிக்கவும் குழி வெட்டவும் நம்மை அழைத்தவர்கள், கூலியோடு சாராயமும் ஊற்றிக் கொடுத்தார்கள். போதையில் இருப்பவன் கூலியை எண்ணிப் பார்ப்பதில்லை. மதுக்கடைகளை விடுமுறை நாட்களில் மூடச் சொல்லி சென்னை சட்டமன்றத்தில் அன்றே குரல் கொடுத்தார் தாத்தா இரட்டைமலை சீனிவாசன்.

நிலமில்லாத நமக்கு உடம்புதான் சொத்து. கெட்ட உடம்பை மீட்கவும் முடியும். பீடியை நிறுத்திய 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு சீராகத் தொடங்குகிறது. 1 முதல் 9 மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் இதய நோய் அபாயம், புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது. குடியை விட்டால் இரத்த அழுத்தம் இறங்கும். கல்லீரலில் சேர்ந்த கொழுப்பு சில வாரங்களில் குறையத் தொடங்கும். கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். ஆகவே நாள் கடத்தக் கூடாது.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனையில் மருத்துவரைக் கேட்டே நிறுத்த வேண்டும். புகையிலையை விட 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

மாணவத் தம்பி, தங்கைகளே! இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இனி கூலியைப் பணமாக மட்டுமே கேட்டு வாங்குவோம்.