நம்பிக்கை குலைந்த நகரில் மூண்ட கலகம்

பல இனத்தார் கூடி வாழும் நாட்டினராகிய நாம், 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இலண்டன் மாநகரின் பிரிக்ஸ்டன் வட்டாரத்தில் மூண்ட கலகத்தின் காரணத்தை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து தொழில் நாடிச் சென்றோர் பலர் அங்குக் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் வேலையின்மையாலும் நிற வேற்றுமையாலும் வாடினர். குற்றம் புரியும் நோக்குடன் திரிவதாக ஐயுற்றாலே ஒருவரைக் கைது செய்ய, 1824-ஆம் ஆண்டின் பழஞ்சட்டம் போலீசாருக்கு இடமளித்தது. ஏப்ரல் 6-ஆம் நாள் தொடங்கிய தேடுதலில், சாதாரண உடையணிந்த போலீசார் 900-க்கும் மேற்பட்டோரைத் தெருவில் நிறுத்திச் சோதித்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர்.

10-ஆம் நாள் மாலை, கத்திக்குத்துக் காயமுற்ற கறுப்பின இளைஞர் ஒருவருக்குப் போலீசார் உதவ முற்பட்டனர். சூழ்ந்து நின்றோரோ, அவரைத் துன்புறுத்துவதாகவே எண்ணினர். வதந்தி பரவியது. மறுநாள் கடைகளும் வாகனங்களும் தீக்கிரையாயின. போலீசாரும் பொதுமக்களுமாக 300-க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

விசாரணை நடத்திய ஸ்கார்மன் பிரபு, நவம்பரில் அறிக்கை அளித்தார். வன்முறையை அவர் ஏற்கவில்லை. ஆயினும், வறுமையும் வேற்றுமையும் போலீசார்மீது மக்கள் நம்பிக்கை இழந்தமையும் அதற்கு வித்திட்டன எனக் கண்டார். ஐயத்தின்பேரில் கைது செய்யும் சட்டப்பிரிவு அவ்வாண்டே நீக்கப்பட்டது. போலீசார்மீதான புகார்களைக் கண்காணிக்க 1985-இல் தனி ஆணையம் அமைந்தது. எனினும், இலண்டன் போலீஸ் அமைப்பில் இனப்பாகுபாடு ஊன்றியிருந்ததை 1999-ஆம் ஆண்டின் மற்றொரு விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது.

சட்டம் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்தல் வேண்டும்; மக்களும் வதந்தியை ஆராயாது நம்பலாகாது. நம்பிக்கை குலைந்த இடத்தில், உதவ நீளும் கையும் அடிக்க ஓங்கிய கையாகவே தோன்றும்.