ஊர் தெரியாது, பாஷை தெரியாது!

பிள்ளை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பினால் தாயார் கேட்கும் முதல் கேள்வி, "வழியிலே ஏதாவது ஆகிவிட்டால் என்னடா செய்வாய்?" என்பதுதான். பிள்ளை சிரித்து மழுப்பிவிடுவான். பதில் தெரிந்தால்தானே சொல்வதற்கு?

அந்தக் கேள்விக்கு ஒரு பெண்மணி பதில் கண்டிருக்கிறார். அதுவும் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்!

எல்ஸ்பெத் பியர்ட் லண்டன் நகரில் கட்டிடக் கலை படித்துக்கொண்டிருந்த மாணவி. 1982-ம் வருஷம் அக்டோபரில், 23-வது வயதில், உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரப் புறப்பட்டார். துணைக்கு யார் என்கிறீர்களா? 1974-ல் செய்த, ஏற்கெனவே கைமாறி வந்த ஒரு பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்தான்!

அமெரிக்கா, நியூஜீலந்து எல்லாம் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். கையிலிருந்த பணம் கரைந்துவிட்டது. சிட்னியில் ஏழு மாதம் வேலை பார்த்தார். ஒரு மோட்டார் கொட்டகையில் தங்கினார். சாமான்களைப் பத்திரமாக வைத்துப் பூட்ட அலுமினியப் பெட்டிகளைத் தம் கையாலேயே செய்து வண்டியில் மாட்டிக்கொண்டார். மறுபடியும் பிரயாணம் தொடங்கியது.

முதல் அடி

குவீன்ஸ்லாந்து மாகாணத்தில், டவுன்ஸ்வில் நகருக்கு அருகே ஒரு மண் சாலை. வண்டி நிலைதடுமாறிக் கவிழ்ந்தது. தலையில் பலத்த அதிர்ச்சி. ஹெல்மெட் இருந்ததோ, பிழைத்தாரோ! இரண்டு வாரம் ஆஸ்பத்திரி வாசம்.

தலையில் படும் அடி பொல்லாதது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இராது. ஆளும் எழுந்து நின்று "எனக்கு ஒன்றுமில்லை" என்பார். அதை நம்பி அவரைத் தனியே விட்டுவிடக் கூடாது. ஒரு நாள், இரண்டு நாளாவது யாராவது கூடவே இருக்க வேண்டும். தலைவலி அதிகரித்தாலோ, அடிக்கடி வாந்தி எடுத்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும். விழுந்தவருக்கு மூச்சு ஒழுங்காக வருகிறதென்றால், பதற்றத்தில் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கவும் கூடாது. கழுத்தெலும்பில் அடி இருந்தால் உபகாரமே அபகாரமாகிவிடும்.

எல்ஸ்பெத் படுக்க வேண்டிய நாட்கள் படுத்திருந்துவிட்டு, பிறகு மீண்டும் வண்டியில் ஏறினார். ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தைக் கடந்து பெர்த் சென்று, அங்கிருந்து சிங்கப்பூர் வந்தார். சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டும் மற்றப் பத்திரங்களும் திருட்டுப் போய்விட்டன! மறுபடி வாங்கப் பல வாரங்கள் காத்திருக்க நேர்ந்தது.

முன்பின் தெரியாத வீடு

தாய்லாந்தில் இரண்டாவது சோதனை. சாலையில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தது. வண்டி விழுந்தது, அவரும் விழுந்தார்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரி கிடையாது, நர்ஸ் கிடையாது. அங்கே இருந்த ஓர் ஏழைக் குடும்பத்தார் அவரைத் தங்கள் வீட்டில் கிடத்திப் பராமரித்தார்கள். அவர்கள் பேசுவது இவருக்குப் புரியாது. இவர் பேசுவது அவர்களுக்குப் புரியாது. ஆனால் பசியையும் வலியையும் தெரிவிக்க எந்தப் பாஷை வேண்டும்? முகத்தைப் பார்த்தாலே போதாதா? உடம்பு தேறும் வரையில் அங்கேயே தங்கினார். கை கால் சற்று வசப்பட்டதும் வண்டியையும் பழுது பார்த்துக்கொண்டார்.

பர்மா வழியாகத் தரை மார்க்கமாக வர அப்போது அனுமதி இல்லை. ஆகவே பினாங்குக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கப்பலேறி நம் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்!

இந்தியா, நேபாளம் பார்த்துவிட்டு மேற்கே திரும்பும் வழியில் மஞ்சள் காமாலை வேறு பிடித்துக்கொண்டது. 35,000 மைல் சுற்றி, 1984-ம் வருஷக் கடைசியில் லண்டனுக்குத் திரும்பியபோது துரும்பாக இளைத்திருந்தார். பிற்பாடு கட்டிடக் கலை நிபுணராகிப் பெயரெடுத்தார். மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். தம் அநுபவங்களைப் புத்தகமாக எழுதி 2017-ல்தான் வெளியிட்டார்.

அவருடைய துணிச்சலை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் துணிச்சல் என்பது வேகமாக வண்டி ஓட்டுவது மட்டுமல்ல. ஓய்வு வேண்டிய போது பொறுமையாகப் படுத்திருப்பதும், முன்பின் தெரியாதவர் நீட்டும் கையைக் கூச்சமில்லாமல் பற்றிக்கொள்வதும் துணிச்சல்தான். பெண்கள் பலருக்கு, பிறருக்குச் செய்வது சுலபம். பிறர் செய்ய ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டம்!

இன்னொன்று. பாஷை தெரியாத அந்நியப் பெண்ணுக்கு வீட்டுக் கதவைத் திறந்து விட்டார்களே, அந்தத் தாய்லாந்துக் குடும்பத்தார், அவர்கள் உலகம் சுற்றவில்லை. ஆனாலும், உலகம் சுற்றப் புறப்பட்டவர் ஊர் போய்ச் சேர்ந்தது அவர்களைப் போன்றவர்களால்தான்.