கடைக்காரருக்கும் விடுமுறை வேண்டாமா?

பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டாலும் சரி, குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தாலும் சரி, நம் கடைக்கு வரும் சிட்டைகள் மாறிவிடும். துவரம்பருப்பும் உளுந்தும் பின்னால் போய், பிஸ்கட், மிக்சர், ஊறுகாய், காகிதத் தட்டு, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட் என்று முன்னால் வரும். எந்த ஊருக்குப் பயணம் என்று விசாரித்தபடியே நாமும் கட்டிக் கொடுக்கிறோம். ஊரே போய்விட்டுத் திரும்புகிறது. நாம் மட்டும் கல்லாவை விட்டு எழுந்திருப்பதில்லை.

ஏழைக்கும் பணக்காரருக்கும் ஓய்வு தேவை என்று பேசுகிற நாம், வியாபாரியின் ஓய்வைப் பற்றிப் பேசுவதே இல்லை. மேலப்பாளையத்து வணிகர்களை மனதில் கொண்டு அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

விடுமுறை பலவிதம்

விடுமுறை என்றால் எல்லோருக்கும் ஒன்றல்ல. நம் தாமிரபரணிச் சீமையிலேயே அது பலவிதம்.

முதலாவது, குளியல் விடுமுறை. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, குற்றாலத்துப் பேரருவியும் ஐந்தருவியும் பழைய அருவியும் கொட்டும்போது, காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி ஆகியவையும் அப்படியே. இங்கே போகிறவர் தேடுவது உடம்புக்கு ஓய்வு.

இரண்டாவது, நேர்ச்சைப் பயணம். பொட்டல்புதூர் பள்ளிவாசல், திருச்செந்தூர், உவரி அந்தோணியார் கோவில் என்று அவரவர் வழக்கப்படி போகிறோம். இங்கே தேடுவது மனநிம்மதி. ஒரு கடன் தீர்ந்தது என்ற நிறைவும் அதில் உண்டு.

மூன்றாவது, காட்டில் தங்குவது. பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆடி அமாவாசையையொட்டிக் குடும்பம் குடும்பமாகப் போய், ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்குவது இப்பகுதியின் பழைய வழக்கம். அந்த இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், தங்கும் நாட்களுக்கும் வாகனங்களுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அப்படியிருந்தும் மக்கள் போகிறார்கள். உறவுக்காரர் அத்தனை பேரும் ஒரே இடத்தில் கூடி உண்டு உறங்குவதே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது.

நான்காவது, ஊர் திரும்புவது. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருக்கும் நெல்லைச் சீமை வியாபாரிகள் பலர் குலதெய்வக் கொடைக்கு எப்படியாவது வந்து சேர்வார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களுக்கு வீடே சுற்றுலாத் தலம். உம்மா கையால் ஒரு வாய்ச் சோறும், தெருவில் நாலு பேருடன் பேச்சும் கிடைத்தால் போதும். அவர்களைப் பிடித்து ஊர் ஊராக அழைத்துப் போனால் களைப்புதான் மிஞ்சும்.

ஐந்தாவது, ஊட்டி, மூணாறு, கொடைக்கானல் என்று தூரத்து ஊர்களைப் பார்க்கப் போவது. பிள்ளைகளுக்கு இதில்தான் ஆசை. பார்த்திராத ஒன்றைப் பார்க்க வேண்டும், திரும்பி வந்து சொல்ல வேண்டும்.

யாருக்கு என்ன வேண்டும்?

இவ்வளவையும் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு நான்கு விதமான விடுமுறை வேண்டியிருக்கிறது.

மளிகைக் கடைக்காரர் விடிந்தது முதல் இரவு வரை நின்றபடி நூறு பேருடன் பேசுகிறவர். அவருக்கு வேண்டியது காலை நீட்டிப் படுக்க ஓர் இடமும், எவரும் விலை கேட்காத ஒரு பொழுதும். பிள்ளைகளுக்குத் தண்ணீரும் ஓட்டமும் வேண்டும். பெரியவர்களுக்கு உறவினர் முகம் வேண்டும்.

வீட்டிலுள்ள பெண்களுக்கு? அடுப்பிலிருந்து விடுதலை வேண்டும். ஆனால் நம் வழக்கம் என்ன? வேன் பிடித்து இருபது பேர் குற்றாலம் போனால், அடுப்பும் அண்டாவும் அரிசியும் கூடவே ஏறிவிடும். ஆண்கள் அருவியில் நிற்க, பெண்கள் அங்கேயும் வெங்காயம் உரித்துக் கொண்டிருப்பார்கள். வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்தவர் அங்கே இருபது பேருக்குச் சமைக்கிறார். இதற்குப் பெயர் விடுமுறையா? ஒருநாள் உணவை விலைக்கு வாங்கினால் சற்றுச் செலவு கூடும். அந்தச் செலவுதான் அவருக்கு நாம் தரும் விடுமுறை.

ஆகவே புறப்படுமுன் எங்கே போவது என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்பது நல்லது. அருவிக்குப் போவதென்றால் அன்றைய நீர்வரத்தையும் விசாரித்துக் கொள்ள வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஒரு மாணவனின் உயிரைக் கொண்டு போயிற்று. தடை போட்டிருந்தால் திரும்பி வருவதில் வெட்கமில்லை.

கடையைப் பூட்டினால் வாடிக்கை போகுமா?

இதுதான் நம்மைக் கட்டிப் போட்டிருக்கும் அச்சம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. பெரிய கடைகள் வருடம் முழுதும் திறந்திருக்கின்றன. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் அனுமதி அளித்து, பின்னர் அதை நீட்டித்தது. ஆனால் அங்கே ஆள் மாற்றி ஆள் நிற்கிறார்கள். சிறு கடையில் மாற்றாள் யார்? 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் சிப்பந்திக்கு வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறையும், ஓராண்டு பணி முடித்தால் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பும் தரச் சொல்கிறது. அதைக் கொடுப்பது நம் கடமை. முதலாளிக்கு விடுப்புக் கொடுக்கத்தான் எந்தச் சட்டமும் இல்லை.

இங்கிலாந்தின் வடக்கே லங்காஷயர் பகுதியில் பஞ்சாலை நகரங்கள் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டிலும் அந்த நகரங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஆலைகளை மொத்தமாக மூடிவிடுவார்கள். ஊரே பிளாக்பூல் கடற்கரைக்குப் புறப்படும். ஒரு நகருக்கு இந்த வாரம், அடுத்த நகருக்கு வேறு வாரம் என்று முறை உண்டு. செலவுக்கு வாரந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்து வைப்பார்கள். எல்லோரும் சேர்ந்தே மூடினார்கள். தறியோசை கேட்டு வளர்ந்த நம் மேலப்பாளையத்துக்கு இது ஒன்றும் விளங்காத சங்கதியல்ல. தீபாவளிச் சீட்டும் நகைச் சீட்டும் கட்டத் தெரிந்த நமக்குப் பயணச் சீட்டு பெரிய காரியமா?

செய்யக் கூடியவை

மாதத்தின் முதல் பத்து நாட்களைத் தொடாதீர்கள். மாதச் சாமான் போகும் காலம் அது. கடைசி வாரமே தோதானது. ரமலான் மாதமும் பக்ரீதுக்கு முந்திய செவ்வாய்ச் சந்தை நாட்களும் நமக்கு வியாபார காலம். பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்வதால், ஒவ்வோர் ஆண்டும் காலண்டரைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

பத்து நாளுக்கு முன்பே கடை வாசலில் அறிவிப்பு எழுதி வையுங்கள். எந்த நாள் மூடுகிறோம் என்பதைவிட எந்த நாள் திறக்கிறோம் என்பதைப் பெரிதாக எழுதுங்கள். சொன்ன நாளில் கட்டாயம் திறந்துவிடுங்கள். பற்று வாடிக்கையாளர்களிடம் நேரில் சொல்லி, வேண்டியதை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். தக்காளி, வாழைப்பழம், ரொட்டி, முட்டை ஆகியவற்றின் கொள்முதலை இரண்டு நாள் முன்பே குறைத்துவிடுங்கள். மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பணத்தைப் பைசல் செய்துவிட்டுப் போனால் மனமும் லேசாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துக் கடைக்காரரைப் போட்டியாளராக மட்டும் பார்க்க வேண்டாம். ஒரு தெருவில் நான்கு மளிகைக் கடைகள் இருந்தால், நால்வரும் உட்கார்ந்து பேசி ஆளுக்கு மூன்று நாள் என்று முறை வைத்துக் கொள்ளலாம். இவர் வாடிக்கையை அவர் கவனிப்பார், அவர் வாடிக்கையை இவர் கவனிப்பார். மே 5-ஆம் தேதி வணிகர் தினத்தன்று ஒற்றுமையாகக் கதவடைக்க முடிகிற நமக்கு, ஒருவருக்காக ஒருவர் மூன்று நாள் விட்டுக் கொடுக்கவா முடியாது?

இந்த ஆண்டு சாரல் தொடங்குவதற்குள் ஒவ்வொரு தெருவிலும் வணிகர்கள் கூடி இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுமென்று கேட்டுக் கொள்கிறோம். கடை நமக்காக இருக்கட்டும். பூட்டும் சாவியும் நம் கையில்தானே இருக்கின்றன!