சோம்பலா, நோயா?

மாணவர்களே, ராஜகீழ்ப்பாக்கத்துக்கு அருகிலுள்ள தாம்பரம் சானடோரியம் 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்டது. அந்நோய்க்குச் சளியில் கிருமியைப் பார்த்துவிடலாம். 'நாட்பட்ட களைப்பு நோய்'க்கோ உறுதிசெய்யும் சோதனையே இல்லை!

இது நாம் அறிந்த களைப்பு அன்று. ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கும்; தூங்கி எழுந்தாலும் தீராது. சிறிது நடந்தாலும் மறுநாள் படுக்கையில் தள்ளிவிடும். பலருக்கு வைரஸ் காய்ச்சலுக்குப் பின், கோவிடுக்குப் பின்னுங்கூட, தொடங்குகிறது. வழக்கமான இரத்தச் சோதனைகளில் பெரும்பாலும் குறை தெரியாது. உடனே வீட்டார், "வேலைக்குக் கள்ளம்!" என்பர். பாவம், நோயாளி என்ன செய்வார்?

கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. நூற்றுக்குப் பன்னிருவர் ஆறு மாதத்துக்கு மேலாகக் களைப்பு என்றனர். இரத்தசோகைதான் காரணம் என்பீர்கள்; ஆய்வு அப்படிக் காட்டவில்லை. வறுமையும் மனவேதனையும் களைப்பைத் தரும். அவர்களுள் இந்நோய் உள்ளவர் யார் என்று பிரித்தறியத்தான் அந்தச் சோதனை தேவைப்படுகிறது.