கையில் போன், மாந்தோப்பில் புதையல்... ஜியோகேச்சிங் விளையாட எந்த ஆப் சரி?

"தாத்தா, அம்பு இந்தப் பக்கம் காட்டுது!"

"இல்ல கண்ணு, இப்ப அந்தப் பக்கம் திரும்பிடுச்சு பாரு..."

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூருக்கு வெளியே எங்கள் சொந்தக்காரர் ஒருவரின் மாந்தோப்பில், கையில் போனை வைத்துக்கொண்டு என் அப்பாவும் அக்கா மகளும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தேடியது, மாமா காலையிலேயே ஒளித்து வைத்திருந்த மூன்று டப்பாக்களை. இரண்டு கிடைத்துவிட்டன. மூன்றாவதுதான் தண்ணி காட்டியது. போனில் இருந்த திசைகாட்டி ஒரு நிமிடம் கிணற்றையும், அடுத்த நிமிடம் மோட்டார் ஷெட்டையும் காட்டியது.

ஆப்தான் சரியில்லை என்று நான் வேறு ஒன்றை டவுன்லோடு செய்யப் போனேன். அப்பா போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது நான் தைச்சுக் குடுத்த கவர்தானேம்மா? மூடுற பட்டியில காந்தம் வெச்சிருக்கேன். அதக் கழட்டிட்டுப் பாரு" என்றார்.

ஷூ கம்பெனியில் இருபது வருடமாக கட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். மிச்சமான வெட்டுத் துண்டில் எனக்காகச் செய்த லெதர் கவர் அது. கழற்றினோம். அம்பு ஆடாமல் நின்றது. ஆப் தேர்வு செய்வது பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான். ஏனென்றால், பாதிப் பிரச்னை ஆப்பில் இல்லை, அதை நாம் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது.

அது என்ன ஜியோகேச்சிங்?

செயற்கைக்கோள் உதவியோடு ஆடும் புதையல் வேட்டை. ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் அதைத் தேடிப் போய், உள்ளே இருக்கும் சிறிய நோட்டில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே இருக்கும் சின்னப் பொருளை எடுத்தால், அதே மதிப்புள்ள வேறு பொருளை வைக்க வேண்டும்.

2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே துல்லியம் குறைத்துத்தான் கொடுத்துவந்தது. அதிபர் கிளின்டன் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார். உடனே, மே 3-ம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகான் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்து வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். விளையாட்டு அங்கே பிறந்தது. இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இருக்கின்றன. வெளிநாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் குறைவுதான். அதனால் ஆப்பில் காசு கட்டும் முன், உங்கள் ஊர் வரைபடத்தைத் திறந்து அருகில் ஏதாவது இருக்கிறதா, கடைசியாக யார், எப்போது கண்டுபிடித்தார் என்று பாருங்கள். 'தேடினோம், கிடைக்கவில்லை' என்றே வரிசையாகப் பதிவுகள் இருந்தால், அந்த டப்பா காணாமல் போயிருக்கலாம். பெட்ரோலை மிச்சம் பிடியுங்கள்.

எந்த ஆப், யாருக்கு?

ஜியோகேச்சிங்: அதிகாரபூர்வ ஆப். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கும். முதல்முறை ஆடுபவர்களுக்கு இதுதான் எளிது. இலவசக் கணக்கில் சுலபமான டப்பாக்களைத் தேடலாம். கடினமானவற்றுக்கும், விவரங்களை முன்கூட்டியே இறக்கி வைப்பதற்கும் சந்தா கேட்கும். இரண்டு, மூன்று ஞாயிறு ஆடிப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் சந்தா பற்றி யோசியுங்கள்.

சி:ஜியோ: ஆண்ட்ராய்டுக்கு மட்டும். தன்னார்வலர்கள் உருவாக்கிய, இலவசமான ஓப்பன் சோர்ஸ் ஆப். டப்பா விவரங்களையும் வரைபடத்தையும் போனில் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னல் இல்லாத இடத்திலும் தேடலாம். பட்டன்கள் அதிகம், பழக ஒரு நாள் ஆகும்.

கேஷ்லி: ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு. காசு கொடுத்து வாங்க வேண்டும். ஆஃப்லைன் வரைபட வசதி உண்டு. தொடர்ந்து ஆடுபவர்களுக்குத்தான் பொருத்தம்.

அட்வென்ச்சர் லேப்: இதில் டப்பாவே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், அங்கே கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்விக்குப் பதில் தர வேண்டும். கோட்டை, கோயில் போன்ற இடங்களுக்கு ஏற்ற முறை.

கூகுள் மேப்ஸ், ஆர்கானிக் மேப்ஸ்: எங்களைப் போல சொந்தத் தோப்பில், சொந்தக்காரர்களோடு ஆட இவையே போதும். இடத்தின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் கிடைக்கும். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் வேட்டை ஆரம்பம்!

எண்ணில் ஏமாறாதீர்கள்

புதிதாக ஆடுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம். வேலூர் கோட்டையை எடுத்துக்கொள்வோம். வடக்கு அட்சரேகை 12 டிகிரி, 55 நிமிடம், 15 விநாடி. இதையே ஜியோகேச்சிங் தளம் 12 டிகிரி 55.250 நிமிடம் என்று எழுதும். கூகுள் மேப்ஸ் 12.9208 என்று காட்டும். மூன்றும் ஒன்றுதான்.

ஆனால் 55.250 என்பதை '55 நிமிடம் 25 விநாடி' என்று படித்துவிட்டால், சுமார் 300 மீட்டர் வடக்கே போய் நிற்பீர்கள். 12 டிகிரி 55 நிமிடம் 15 விநாடியை அப்படியே 12.5515 என்று தட்டினால், சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, போளூர்ப் பக்கம் கூட்டிப்போய் விட்டுவிடும். ஆகவே ஆப்பின் செட்டிங்ஸில் எந்த வடிவம் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் நான்கு விஷயங்கள்

* ஜி.பி.எஸ். வேலை செய்ய இன்டர்நெட் தேவையில்லை. வரைபடம் திறக்கத்தான் தேவை. ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் போகிறீர்கள் என்றால் வீட்டு வைஃபையிலேயே வரைபடத்தை இறக்கிவிடுங்கள். பவர் பேங்க் அவசியம்.
* வெட்டவெளியில் போன் ஐந்து மீட்டர் வரை துல்லியமாகக் காட்டும். பாறை, உயரமான சுவர், அடர்ந்த மரம் இருந்தால் சிக்னல் தடுமாறும். கடைசிப் பத்து மீட்டருக்குப் போனைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.
* காந்தம் வைத்த கவரைக் கழற்றுங்கள். அப்போதும் அம்பு ஆடினால், போனைக் காற்றில் எட்டு போடுவதுபோல் சில முறை சுழற்றுங்கள்.
* லொகேஷன் அனுமதியை 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். பிள்ளைகளின் கணக்கில் உண்மைப் பெயர், பள்ளிப் பெயர், வீட்டு வாசல் போட்டோ வேண்டாம்.

எங்கே ஒளிக்கக் கூடாது?

நம் ஊரில் இது விளையாட்டுக்கும் மேலான விஷயம். ரயில் நிலையத்திலோ, பாலத்தடியிலோ, கோயில் வாசலிலோ கேட்பாரற்ற டப்பா ஒன்று கிடந்தால், பார்ப்பவர்கள் போலீஸுக்குத்தான் போன் போடுவார்கள். அதில் தப்பும் இல்லை. வேலூர் கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். அங்கே கல்லிடுக்கில் எதையும் செருகக் கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர்த் தொட்டிகள் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது.

கோட்டையில் ஆட ஆசையா? டப்பா இல்லாமல் கேள்வி வைத்து ஆடுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணில் என்னென்ன விலங்குகள்? கோட்டைக்குள்ளேயே கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் எங்கெங்கே இருக்கின்றன? 1806 ஜூலை 10-ம் தேதி நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கான நினைவுத்தூண் ஊரில் எங்கே நிற்கிறது? பாடப்புத்தகத்தில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்தது, நடந்து போய்த் தேடும்போது மனதில் தங்கிவிடும்.

சொந்த இடம், அல்லது உரிமையாளர் சம்மதித்த இடம்தான் டப்பாவுக்குச் சரி. உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக எடுங்கள். 'இது விளையாட்டுப் பெட்டி' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். மண்ணில் புதைக்க வேண்டாம். தின்பண்டம் வைத்தால் நமக்கு முன்னால் எறும்பு கண்டுபிடித்துவிடும்!

எங்கள் மூன்றாவது டப்பா, கிணற்றடி மாமரத்தின் பொந்தில் இருந்தது. உள்ளே ஒரு குட்டி நோட்டு, பென்சில், அப்பா செய்த லெதர் சாவிக்கொத்து. அது அவர் செய்தது என்று அக்கா மகளுக்குத் தெரியாது. நோட்டில் எழுத்துக் கூட்டி எழுதினாள்: 'நானும் தாத்தாவும் கண்டுபிடிச்சோம்.'

ஞாயிறு வந்தால் மதியம் வரை தூங்கித் தீர்க்கும் அப்பா, அடுத்த சனிக்கிழமை ராத்திரி போன் செய்தார்.

"அந்தப் போளூர் கணக்கு சொன்னியே... அத இன்னொரு தபா சொல்லு. நாளைக்கு நான் ஒளிக்கப் போறேன்."